மீனம்பாக்கத்தில் இறங்கிய சைக்கிள்

என் தங்கச்சி புருஷன் அரியமுத்துவைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். துபாய்க்குப் போன மனுஷன் ஊர் திரும்பும்போது என்ன கொண்டுவருவான்? டூ இன் ஒன் டேப்ரெக்கார்டர் கொண்டுவருவான், பளபளக்கிற சேலை கொண்டுவருவான், ஒன்றும் முடியாவிட்டால் கோடாலித் தைலமாவது கொண்டுவருவான். இந்த மகராசன் சைக்கிள் கொண்டுவந்தான். அதுவும் பிளேனில். யார் வீட்டு மாப்பிள்ளை? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினோரு வாடகை சைக்கிள் வைத்துத் தொழில் செய்கிற இந்தத் தர்மன் வீட்டு மாப்பிள்ளை. என் வயிறு எரியுமா எரியாதா?

ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒல்லியாக இருப்பான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்ததால் புருவம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். பேச்சு குறைவு, பிடிவாதம் ஜாஸ்தி. என் தங்கச்சி வேம்புவைப் பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் நின்ற என் சைக்கிளில் செயின் தொங்குவதைப் பார்த்துவிட்டான். உள்ளே பெண் காப்பித் தட்டோடு காத்திருக்க, இவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செயினை முடுக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் பெரிய தெருக்காரர்கள் கடைக்கே வந்து சண்டை பிடிப்பார்கள், அதனால் சொல்லமாட்டேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குப் போக ஒரே வழி பெரிய தெருதான். ரோட்டுப் பக்க முனையில் அரசமரம், எங்கள் பக்க முனையில் ரேஷன் கடை. நடுவில் இரண்டு பர்லாங். அந்த இரண்டு பர்லாங்கும் எங்கள் ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். எந்தக் காகிதத்திலும் எழுதிவைக்கவில்லை. வெளியூர் ஆபீசர் யாராவது கேட்டால், “அப்படியெல்லாம் யாருங்க சொன்னது? அவனுங்களே மரியாதையா எறங்கிக்கிறானுங்க” என்பார்கள். நானும் இறங்குவேன். பெரிய தெரு ஆள் என் கடைக்கு வாடகை சைக்கிளைத் தாமதமாகக் கொண்டுவந்தால், பகலில் அவனையே அதட்டுவேன். சாயங்காலம் அதே ஆள் வீட்டு வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போவேன். பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுபத்தெட்டு சித்திரையில் ஒரு நாள் காலை, அரியமுத்துவுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. என்னிடம் பழசாக வாங்கிய சைக்கிளில் வந்தவன், ரேஷன் கடை வந்ததும் இறங்கவில்லை. மிதித்துக்கொண்டே போனான். பாதித் தெருவில் வைரக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். நாற்பது ஏக்கர் பருத்திக்காரர், ஊருக்கே அவர் ஆண்டைதான்.

“எறங்குடா” என்றார்.

இறங்கினான். அவர் ஆள் ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருவன் இரண்டு சக்கரத்து வால்டியூபையும் பிடுங்கி எருக்குழியில் வீசினான். காற்று சீறிக்கொண்டு போனது.

“காலு வலிக்குதுன்னுதான ஓட்டுன? இனிமே தள்ளவும் வேணாம். தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போ.”

அரியமுத்து சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு அரசமரம் வரை நடந்தான். தெருவே பார்த்துச் சிரித்தது. பத்தடி பின்னால் நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

அன்று சாயங்காலமே அந்தச் சைக்கிளை என் கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு சுரங்கத்துக்கு நடந்தே போனான், நடந்தே வந்தான். அடுத்த வருஷம் ஒரு ஏஜென்டைப் பிடித்துத் துபாய்க்குப் போய்விட்டான்.

அங்கே ஒரு மலையாளி முதலாளியின் மளிகைக் கடையில் வேலை. வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார்கள். வந்த கடுதாசியெல்லாம் சைக்கிளைப் பற்றித்தான். “இன்று புது டயர் போட்டார்கள்.” “மணலில் ஓட்டினால் செயின் கரகரவென்கிறது, தேங்காயெண்ணெய் விடலாமா மச்சான்?” வேம்புவுக்குக் கோபம் தாங்காது. “இந்த மனுசன் கட்டிக்கிட்டது என்னையா, அந்தச் சைக்கிளையா?” என்று கடுதாசியை என் மேல் எறிவாள். ஒரே ஒரு கடுதாசியை மட்டும் அவள் எறியவில்லை. அதில் இப்படி எழுதியிருந்தான்: “நேற்று ராத்திரி போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். பயந்துவிட்டேன். லைட் எரியவில்லை, சரிசெய்துகொள் என்றார். இறங்கச் சொல்லவில்லை.”

எண்பத்து மூன்றில் கடைசிக் கடுதாசி வந்தது. கணக்கு முடித்துக்கொண்டு வருகிறானாம். முதலாளி அந்தச் சைக்கிளை அவனுக்கே கொடுத்துவிட்டாராம். அதைப் பிளேனில் போட்டுக்கொண்டு வந்து பெரிய தெருவில் ஓட்டப்போகிறானாம். எனக்குத் தலை சுற்றியது. உடனே பதில் போட்டேன். “உனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா? செத்தே தீருவேன் என்றால் என் கடையில் ஒரு சைக்கிளை எடுத்து ஓட்டிச் சாவு. நீ டூ இன் ஒன் கொண்டு வா” என்று. அதற்கு அவன் எழுதினான்: “உங்கள் சைக்கிள் எல்லாம் இறங்கிப் பழகிய சைக்கிள். அரசமரத்தைப் பார்த்தாலே நின்றுவிடும்.”

திமிரைப் பாருங்கள்.

துபாய் ஏர்போர்ட்டில் நடந்ததை அவனே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆளுக்கு இருபது கிலோதான் அனுமதி. சைக்கிள் மட்டுமே இருபத்திரண்டு. ஸ்டாண்டையும் பெடலையும் செயின் கவரையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டான். முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பி, ஜமுக்காளத்தைச் சுற்றி, மேலே அரிசிச் சாக்கு வைத்துத் தைத்து, நைலான் கயிற்றால் கட்டியிருந்தான். இருபது கிலோ அதோடு தீர்ந்தது. வேம்புவுக்கு வாங்கிய சேலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அந்தத் துபாய் வெயிலில் வந்து நின்றிருக்கிறான்.

கவுண்டரில் இருந்தவர் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, டயரில் இருக்கிற காற்றை இறக்கச் சொன்னார். வரிசையில் நின்ற ஒரு மலையாளி அதைத் தமிழில் சொல்லவும் இவனுக்கு முகம் மாறிவிட்டது.

“என் சைக்கிள் காத்த ஒருத்தனும் புடுங்கக் கூடாது” என்று கட்டின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான்.

பின்னால் வரிசை கூச்சல் போட்டது. பெரிய ஆபீசர் வந்தார். போலீஸ் வந்தது. அவர்களுக்கு எங்கள் ஊர் எருக்குழியைப் பற்றி என்ன தெரியும்? ஆகாயத்தில் உயரே போனால் டியூப் வெடித்துவிடும், அதற்காகத்தான் என்று அந்த மலையாளி அரைமணி நேரம் மன்றாடியிருக்கிறார். கடைசியில் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சாக்கைப் பிரித்து, அரியமுத்துவே தன் கையால் காற்றை இறக்கினான்.

“மத்தவன் புடுங்குனாத்தான் மச்சான் அவமானம்” என்று எனக்கு வியாக்கியானம் வேறு. “நானே எறக்குனா அது என் காத்து, என் இஷ்டம்.”

நானும் வேம்புவும் முதல் நாளே அரியலூரில் ரயிலேறி எழும்பூர் வந்து, அங்கிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் மீனம்பாக்கம் போய்க் காத்திருந்தோம். துபாய் பிளேன் இறங்கியது. ஒவ்வொருத்தனாக வெளியே வந்தான். தள்ளுவண்டியில் டேப்ரெக்கார்டர் அட்டைப்பெட்டி, தோளில் கம்பளி, கண்ணில் கூலிங் கிளாஸ். எனக்கு வாய் ஊறியது. எல்லோரும் வந்தாயிற்று, எங்கள் ஆளைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். வண்டியில் நீளமாக, சாக்குச் சுற்றி, கயிறு கட்டின ஒரு கட்டு. என் பக்கத்தில் நின்ற அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, “பாவம், யாருங்க தவறிட்டது?” என்று கேட்டாள்.

“எங்க டூ இன் ஒன்தாங்க” என்றேன்.

அவன் தாமதமானது கஸ்டம்ஸில். சைக்கிள் என்றால் யார் நம்புவார்கள்? குழாய்க்குள் தங்கம் இருக்கிறது என்று நினைத்து சீட்டைக் கழற்றி, ஹேண்டில்பாரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கம் இல்லை என்றதும் இவன் பருத்த இடுப்பைப் பார்த்துச் சந்தேகம் வந்து சட்டையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தரை மீட்டர் நைலக்ஸ் சேலை உருவ உருவ வந்துகொண்டே இருந்ததாம். கடைசியில் ஒரு ஆபீசர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் பொறித்திருந்ததைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

“ஏய்யா, இது லூதியானாவுல செஞ்ச சைக்கிளுய்யா! நம்ம ஊரு சைக்கிளத் துபாய்லேருந்து பிளேன்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கியே, உனக்குப் புத்தி எதாச்சும் இருக்கா?”

நான் சாக்கை விலக்கிக் குனிந்து பார்த்தேன். அடப்பாவி! உண்மைதான். இதே கம்பெனி, இதே கருப்பு, என் கடையில் ஆறு நிற்கிறது. மணிக்கு முப்பது பைசா.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டை அங்கேயே ரன்வேயில் தூக்கிப் போட்டிருப்பேன். வேம்பு அவன் கொடுத்த சேலையை வாங்கி, வேர்வை நாற்றம் பிடித்ததை மோந்துபார்த்துவிட்டு, பைக்குள் திணித்தாள். ரயிலில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனோ ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடி, கார்டு வண்டியில் சைக்கிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

விருத்தாசலத்தில் ரயில் நின்றபோது அவள்தான் கேட்டாள். “நாலு வருசம் ஒத்தையில கெடந்தேன். எனக்கு ஒரு ரேடியோ வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அப்படி என்னதான் இருக்கு அந்தச் சைக்கிள்ல?”

அரியமுத்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

“நாலு வருசமா ஒக்காந்திருக்கேன் வேம்பு. அதுமேலேருந்து எறங்குடான்னு ஒருத்தனும் சொன்னதில்ல. பிளேன்ல வரப்பக்கூட அது கீழ, நான் மேல ஒக்காந்துதான் வந்தேன். அத எப்படி வுட்டுட்டு வர்றது?”

வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூடையைத் திறந்து அவனுக்கு இட்லிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சைக்கிள் கடைக்காரன் ரயிலில் உட்கார்ந்து அழ முடியாது, அதனால் நான், “சட்னி எங்கே?” என்று சத்தம் போட்டேன்.

அரியலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே சாக்கைப் பிரித்து, நான்தான் பூட்டினேன். கஸ்டம்ஸ்காரர்கள் திருகாணியை எல்லாம் மாற்றி மாட்டியிருந்தார்கள். திட்டிக்கொண்டே சரிசெய்து காற்றடித்தேன். ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் நான் விட்டுப் போயிருந்த வாடகை சைக்கிளை எடுத்து, வேம்புவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டேன். அரியமுத்து பிளேனில் கட்டிய லக்கேஜ் சீட்டு ஹேண்டில்பாரில் ஆட, முன்னால் போனான்.

மெயின் ரோட்டிலிருந்து திரும்பினோம். “மாப்ள, சொன்னாக் கேளு. இன்னைக்கு ஒருநாள் எறங்கித் தள்ளு. வந்ததும் வராததுமா வம்பு வேணாம்” என்று பின்னாலிருந்து கெஞ்சினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரசமரத்தைத் தாண்டினான். மிதித்துக்கொண்டே போனான்.

மரத்துக்கு அடுத்த மூன்றாவது வீடு வைரக்கண்ணு வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

“டேய், நில்லு!”

அரியமுத்து பிரேக் பிடித்து, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றினான். சீட்டைவிட்டு எழவில்லை. அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். வேம்புவுக்குக் கடுதாசிகளைப் படித்துச் சொல்கிற போஸ்ட்மேன் புண்ணியத்தில், பிளேனில் சைக்கிள் வருகிற சங்கதி ஊர் பூராவும் முன்பே தெரியும்.

“இதானா அது? பிளேன்ல வந்துச்சாமே?” வைரக்கண்ணு சைக்கிளைச் சுற்றிவந்தார். கேரியரைத் தடவினார். பெல்லை அடித்துப் பார்த்தார். ஹேண்டில்பாரில் தொங்கிய லக்கேஜ் சீட்டைத் தூக்கி, இங்கிலீஷ் தெரிந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். “சீமைச் சாமான் சீமைச் சாமான்தான். எறங்கு, ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் அதே வார்த்தை, அதே தெரு. அரியமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் மரத்தடியிலிருந்தே பார்த்தேன். இறங்கினால் நாலு வருஷமும் போச்சு. இறங்காவிட்டால் இன்றைக்கு வால்டியூபோடு நிற்காது.

“பிரேக்கு வேற மாதிரிங்க” என்றான் அரியமுத்து, மெதுவாக. “பழக்கமில்லாதவங்க ஓட்டுனா கவுத்து வுட்டுடும். பின்னாடி ஒக்காருங்க, நான் ஓட்டிக் காட்டுறேன்.”

வைரக்கண்ணு நெற்றியைச் சுருக்கினார். சுற்றிப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன். “ஏண்டா தர்மா, நீதான் சைக்கிள் கடைக்காரனாச்சே. இவன் சொல்றது மெய்தானா?”

லூதியானா பிரேக். என் கடையில் இருக்கிற அதே பிரேக். சின்னக் குழந்தைகூடப் பிடிக்கும். அன்றைக்குப் பத்தடி பின்னால் வாயை மூடிக்கொண்டு வந்தவன் நான்.

“மெய்தாங்க” என்றேன். “வெளிநாட்டு பிரேக்குங்க அது. இப்புடித்தான் செட்டிகுளத்துல ஒருத்தரு தெரியாம புடிச்சு, முன்பல்லு நாலும் போச்சு.”

வைரக்கண்ணு பல்லைத் தடவிக்கொண்டார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தார். பிடிமானத்துக்கு அரியமுத்துவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், பிடித்துக்கொண்டார்.

அரியமுத்து மிதித்தான். அவசரமே இல்லை. கோயில் தேர்கூட அதைவிட வேகமாகப் போகும். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். வைரக்கண்ணு முதலில் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டு போனார். பாதித் தெருவில் குழாயடி. அங்கே குடத்தோடு நின்ற அவர் சம்சாரம் பூங்காவனம் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

“ஏங்க, என்னா கோலம் இது? அவன் முன்னாடி ஒக்காந்து ஓட்ட, நீங்க பின்னாடி கட்டிப் புடிச்சுக்கிட்டு வரீங்க?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இடுப்பிலிருந்து கையை எடுத்தார். எடுத்ததும் சாயப்போய், திரும்பப் பிடித்துக்கொண்டார்.

“எறக்கி வுடுடா. டேய், எறக்கி வுடு!”

“தெரு முடியட்டுங்க” என்றான் அரியமுத்து. “ரேஷன் கடைகிட்ட எறக்கி வுடுறேன்.”

சொன்னபடி அங்கேதான் இறக்கிவிட்டான். இறக்கிவிட்டு, எங்கள் தெருவுக்குள் திரும்பிப் போய்விட்டான். அந்த விஷயத்துக்குப் பஞ்சாயத்து கூடவில்லை. கூடினால், கேரியரில் ஏறி உட்கார்ந்தது யார் என்ற பேச்சுதானே முதலில் வரும்?

நானும் வேம்புவும் இன்னும் அரசமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். என் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தது. மரம் வந்ததும் நான் இறங்கியிருக்கிறேன். எப்போது இறங்கினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வைரக்கண்ணு நடுத்தெருவில் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது.

“ஏறுண்ணே” என்றாள் வேம்பு.

“அவரு வராரு, வேம்பு.”

“வரட்டுமே. நடந்துதான வராரு.”

ஏறினேன். வேம்பு பின்னால் தாவி உட்கார்ந்தாள். பத்தடி போனதும் அவர் எதிரே வந்துவிட்டார். தெரு நடுவில், நகராமல் நின்றார். நான் மணி அடித்தேன்.

ஒதுங்கினார்.